தென்றல் நலமாக இருக்கிறாள்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் மூன்றாவது கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டி அச்சடித்துக் கொடுப்பேன். பசுந்தளிர் அறக்கட்டளையின் அறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் நாலு வருஷமாக நான்தான் தட்டிக் கொடுக்கிறேன். கூட்டம் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலை. அதனால் இங்கே வரும் பேச்சுக்கும் எண்ணுக்கும் நான் பொறுப்பு. நானாக ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல அவர்கள் எனக்கு இடம் வைக்கவில்லை.

அறக்கட்டளை பிறந்தது 1999-இல். எங்கள் பக்கத்தில் மூன்று ஆலைகள் ஒரே மதில் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. ஆலை வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு மரம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த மூன்றில் ஒரு பங்கில் ஏற்கெனவே சாம்பல் குட்டையும் எண்ணெய்த் தொட்டிகளும் ஒரு விருந்தினர் விடுதியும் இருந்தன. மிச்ச இடத்தில் வேம்பும் புங்கையும் நட்டுப் பார்த்தார்கள். கன்றுகள் இரண்டு மாதம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றுவிட்டு, நின்றபடியே செத்தன. அந்தச் சமயத்தில்தான் பெரிய அரசுப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ரகுபதி அவர்கள் ஆலைகளுக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே அறக்கட்டளையைத் தொடங்கி அதன் தலைவருமானார். தொடக்க விழாவில் அவர் பேசியதை அப்படியே தட்டியிருக்கிறேன்.

"மரத்தை நட்டால் செத்துப்போகிறது. பெயரை நட்டால் சாகாது. ஒரு குழந்தைக்கு முல்லை என்று பெயர் வைத்தால், அந்தக் குழந்தை வாழும் வரைக்கும் நம் வட்டாரத்தில் ஒரு முல்லைக்கொடி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்குத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

இதற்கு ஆதாரம் வேண்டுமே என்று, கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த முனைவர் செங்குட்டுவனைப் பிடித்துவந்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னார்கள். 'வட்டாரத்தில் இயற்கைப் பெயர்களின் போக்கு: 1950 முதல் 1999 வரை' என்று நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். மனுஷர் உண்மையிலேயே உழைத்திருந்தார். பள்ளிக்கூடப் பதிவேடு, ஞானஸ்நானப் புத்தகம், கல்லறைக் கல்வெட்டு ஒன்று விடவில்லை. ஐம்பதுகளில் முத்து, பவளம், பூவம்மா. அறுபது எழுபதுகளில் தூய தமிழ் அலையடித்து கயல்விழி, முல்லை, இளம்பரிதி. ராயபுரம் தேவாலயப் பக்கத்தில் லில்லி, ரோஸ், ஜாஸ்மின். எண்பதுகளில் மலர் என்று முடியாத பெண்பிள்ளையே இல்லை. தொண்ணூறுகளில் கொஞ்சம் வழி தவறி வர்ஷா, கிரண் என்று போய், பிறகு சாரல், துளிர் என்று திரும்பி வந்திருக்கிறது. இதையெல்லாம் வரைபடமாகப் போட்டபோது, மரம் வெட்ட வெட்ட மரப்பெயர் ஏறுவதும், மீன் குறையக் குறைய மீன்பெயர் ஏறுவதும் பளிச்சென்று தெரிந்தது. செங்குட்டுவன் அதைக் கவலையோடுதான் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் ரகுபதி அவர்கள் தாமே எழுதிச் சேர்த்தார். மரங்கள் நூற்றுக்கு எழுபது குறைந்துள்ளன, மரப்பெயர்கள் நூற்றுக்கு நாற்பது கூடியுள்ளன, ஆகவே நிகர இழப்பு முப்பது மட்டுமே என்றது அந்தப் பக்கம். கழிமுகத்தில் கயல் இல்லை என்றாலும் வட்டாரத்தில் ஏழு கயல்விழிகள் இருப்பதால் மீன்வளம் நிலைபெற்றுள்ளது என்றும் அதிலேயே இருந்தது.

மரக் கணக்குக் கேட்கிற அரசு மேலிடத்தில் இதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து மதிலைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் பிறக்கும் குழந்தைகளுக்கு இயற்கைப் பெயர் வைத்தால் பசுமை அட்டை. முனிசிபாலிட்டியில் நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அட்டைக்கு அறக்கட்டளை கொடுக்கும் பெயர்தான். அட்டை இருந்தால் தளிர் மருத்துவ நிலையத்தில் இலவச வைத்தியம். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்பது ஆலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் நாளே மூச்சுத்திணறலுக்குக் கேஸ் வைக்கிற மெஷின் ஆறு வாங்கி வரிசையாக வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு சடங்கு உண்டு. நர்ஸ் கிறிஸ்டினா அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்கக் கூப்பிடுவார். குழந்தையின் தாய் எழுந்து நின்று, "எங்கள் முல்லை நலமாக இருக்கிறாள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால் பதிவேட்டில் ஒரு டிக். காலாண்டுக்கு ஒருமுறை அந்த டிக்குகளை எண்ணித்தான் வட்டாரத்தில் எத்தனை முல்லை, எத்தனை ஆறு என்று மேலிடத்துக்குப் போகும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அட்டை அடுக்கின் அடிக்குப் போய்விடும். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நலமாக இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது என்று முதலில் சில பெண்கள் தயங்கினார்கள். பிறகு பழகிவிட்டது.

வரதன் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். ஒப்பந்தக் கூலி. வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும்தான் அடையாளம் தெரியும். அவன் மனைவி பூவம்மாவின் பெயர் செங்குட்டுவனின் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில், வழக்கொழிந்துவரும் மலர்ப்பெயர்கள் என்ற தலைப்பில் இருக்கிறது. இரண்டாயிரத்தில் அவர்களுக்கு முதல் பெண் பிறந்தபோது, மாயா என்று வைக்க நினைத்து அட்டைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாயா இயற்கையில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மரம், பூ, நீர், காற்று என்று நாலு பிரிவு வைத்திருந்தார்கள், அதில் காற்றுப் பிரிவில் ஒரு குழந்தைகூட இல்லை. எங்கள் ஊரில் காற்றை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாருக்குத் தோன்றும்? ரகுபதி அவர்களே அந்தக் குழந்தைக்குத் தென்றல் என்று பெயர் சூட்டினார். பச்சைத் துணியில் ஒரு குல்லா தைத்துப் போட்டு, மடியில் ஒரு தொட்டிச் செடியை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். குழந்தை அந்தச் செடியின் இலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தது. அந்தப் போட்டோவை அந்த வருஷ அறிக்கைக்கு அட்டைப்படமாக நான்தான் போட்டேன்.

தென்றல் ஒரு வருஷமும் எட்டு மாதமும் இருந்தாள். கடைசியாக மூச்சு இழுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மருத்துவ நிலையம் கிடையாது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எங்கள் நெடுஞ்சாலையை நீங்கள் பார்த்திருந்தால் மேலே சொல்லத் தேவையில்லை. இரண்டு லாரிக்கு நடுவே ஆட்டோ முக்கால் மணி நேரம் நின்றது. முன்னால் இருந்த லாரியின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவந்து, தன் துண்டால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே இருந்தாராம். குழந்தை போன பிறகும் கொஞ்ச நேரம் விசிறியிருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வரதன் என் கடைக்குத்தான் வந்தான். போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். அவனிடம் ஒன்றும் இல்லை. என் கம்ப்யூட்டரில் இருந்தது, பச்சைக் குல்லாவோடு. அதையே போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அதே மெஷினில் காலாண்டு அறிக்கையும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காற்றுப் பிரிவில், தென்றல், எண்ணிக்கை ஒன்று, நிலை நலம் என்றிருந்தது. நான் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு வரதன் பசுமை அட்டையைத் திருப்பிக் கொடுக்க அறக்கட்டளைக்குப் போனான். அவன் அப்படிப்பட்ட ஆள். யாருடைய பொருளையும் வைத்துக்கொள்ள மாட்டான். பெயர் நீக்கத்துக்குத் தனி விண்ணப்பம் இல்லை என்றும், மரம் வெட்ட அனுமதி கேட்கிற படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். என்ன காரணத்துக்காக வெட்டுகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. வெட்டும் ஒன்றுக்குப் பதிலாக மூன்று நட வேண்டும் என்று கீழே ஒரு விதி. அதாவது தென்றலை நீக்க வேண்டுமானால் மூன்று பச்சைக் குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வரதன் அந்தப் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். நீக்காத பெயருக்குப் பழைய டிக்கே போதும் என்று காலாண்டு அறிக்கையில் தென்றல் நலமாகவே இருந்தாள். அடுத்த மார்ச்சில் தென்றலின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதையும் நான்தான் அச்சடித்தேன். மொத்தமாக ஐந்நூறு அடிக்கும்போது ஒவ்வொரு பெயரையுமா பார்ப்பார்கள்?

2002 ஆகஸ்டில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வாழும் பசுமையை நேரில் கணக்கெடுக்க வந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மரமெல்லாம் ஒரு பக்கம், பூவெல்லாம் ஒரு பக்கம், நீர்நிலைகள் ஒரு பக்கம் என்று குழந்தைகளை நிறுத்தினார்கள். வெயிலில் இரண்டு வேம்பு மயங்கி விழுந்தது. ஒரு காவிரி அழுதுகொண்டே மூத்திரம் பெய்தது. அதிகாரி குடைக்குள் நின்றபடி எண்ணிக்கொண்டே வந்தார். காற்று என்று எழுதிய பலகைக்குக் கீழே வரதன் மட்டும் நின்றான். வராவிட்டால் வேலைக்குச் சிக்கல் என்று மேஸ்திரி சொல்லியிருந்ததால் வந்திருந்தான். குழந்தை எங்கே என்று அதிகாரி கேட்டார்.

ரகுபதி அவர்கள் புன்னகையோடு முன்னால் வந்தார். "தென்றல் கண்ணுக்குத் தெரியுமா சார்? உணரத்தானே முடியும்."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். கையை நீட்டிப் பார்த்தார். பிறகு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார். வரதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். என் கையில் குறிப்பு நோட்டு இருந்தது. அதில் காற்று ஒன்று என்று எழுதினேன்.

அந்த வருஷம் டிசம்பரில் பூவம்மாவுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. மூத்தது தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டாம் என்று தூக்கியெறிந்த பிள்ளை என்று நினைத்துச் சாவு அதைத் திரும்பிப் பார்க்காதாம். பதினாறாம் நாள் காலையில் பூவம்மா குழந்தையை ஒரு முறத்தில் வைத்துத் தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மா போய் எடுத்துக்கொண்டு வந்து, "குப்பைல ஒண்ணு கெடந்துது, வேணுமா?" என்று கேட்டாள். பூவம்மா ஒரு கை தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அப்படி வாங்கிய பிள்ளைக்குக் குப்பம்மா என்றுதான் பெயர் வைக்க வேண்டும். வேறு அழகான பெயர் ஒன்றைச் சும்மா கூப்பிட்டாலும் போட்டு எடுத்ததெல்லாம் வீண். முதல் பிள்ளைக்கு அழகான பெயர் வைத்ததால்தான் கண் பட்டது என்பது பூவம்மாவின் முடிவு, அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

நாலாவது மாதம் குப்பம்மாவுக்கும் இழுப்பு வந்தது. அதே மாதிரி விலா உள்ளே போய், தொண்டைக் குழி பள்ளமாகி, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கொண்டுபோனார்கள். இரண்டு தடவையும் நல்லபடியாகப் பார்த்து அனுப்பினார்கள். ஆனால் போகிற வழி அதே வழி. பூவம்மா ஆட்டோவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கேஸ் மெஷின் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருக்கும்போது எதற்கு இந்தப் பயணம் என்று கிறிஸ்டினாதான் அவளைத் தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். அட்டை இல்லாமல் உள்ளே விட்டால் கிறிஸ்டினாவின் வேலை போய்விடும். எப்படியாவது இதற்கு ஓர் அட்டை வாங்கிவிடச் சொன்னார்.

வரதன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தான். பெயர் என்ற இடத்தில் குப்பம்மா என்று எழுதியிருந்தான். பெயர்க்குழு கூடியது. ஏசி அறையில் வரதனை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்; அவன் உட்கார்ந்தால் உறையில் சாம்பல் ஒட்டும் என்று நின்றுகொண்டான். நான் மூலையில் இருந்தேன்.

குப்பை இயற்கையில் சேருமா என்று தலைவர் செங்குட்டுவனைக் கேட்டார். செங்குட்டுவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். ஐம்பதுகளில் வட்டாரத்தில் பதினோரு குப்பனும் ஒன்பது குப்பம்மாவும் இருந்ததை எடுத்துச் சொன்னார். குப்பை மட்கினால் எரு, எரு மண்ணில் சேர்ந்தால் பயிர், ஆகவே அன்றைய குப்பை இயற்கைதான். ஆனால் இன்றைய நம் குப்பையைத் தாமே போய்ப் பார்த்ததாகவும், அது சாம்பலும் பிளாஸ்டிக்கும் என்பதால் மட்காது என்றும், ஆகவே இயற்கையில் சேராது என்றும் வருத்தத்தோடு முடித்தார்.

ரகுபதி அவர்கள் வரதனைப் பார்த்துக் கனிவாகப் பேசினார். "நான் மனசு விட்டுச் சொல்றேன் வரதன். குப்பம்மான்னு ஒரு குழந்தை நம்ம பதிவேட்டுல ஏறிச்சுன்னா, இங்கே குப்பை இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இத்தனை வருஷமா எந்த ஆய்வுக்குழுவாலயும் கண்டுபிடிக்க முடியாத விஷயம். அதை ஒரு கைக்குழந்தை காட்டிக்கொடுக்கலாமா?"

வரதன் வேறு எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, அட்டை கிடைத்தால் போதும் என்றான். வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் அட்டைக்கு மட்டும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. காலிப் பட்டியலை எடுத்தார்கள். முல்லை நிறைந்துவிட்டது, வேம்பு நிறைந்துவிட்டது. அருவியும் பனியும் சுனையும் காலியாக இருந்தன. அருவி சரி என்றான் வரதன். அருவி என்றால் வட்டாரத்தில் அருவி இருக்கிறதா என்று களத்தணிக்கை செய்து, இல்லை என்று அறிக்கை வாங்கி, அந்தக் குறையை ஈடு செய்யவே இந்தப் பெயர் என்று தீர்மானம் போட வேண்டும். அதற்கு நாற்பத்தைந்து நாள்.

"நாப்பத்தஞ்சு நாளு கொயந்த தாங்காது சார்," என்றான் வரதன். "நெஞ்சு உள்ள போய்ப் போய் வர்து. மொதல்ல உள்ள உட்டுட்டு அப்பால நீங்க அருவிய தேடுங்கோ சார்."

எனக்கு அப்போது எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ரகுபதி அவர்கள் கண்ணை மூடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. பதிவேட்டைத் திருப்பிக் காற்றுப் பிரிவை எடுத்தார். ஒரே ஒரு வரி இருந்தது.

"நம்மகிட்ட தென்றல் இருக்கு. அட்டையும் செல்லுபடியாகற அட்டைதான். குழந்தைதான் இல்லை. உங்ககிட்ட குழந்தை இருக்கு, பெயர்தான் இல்லை. இதுல பிரச்சினை எங்கே இருக்கு?"

செங்குட்டுவன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வயது ஒத்துவராதே என்று மெல்லச் சொன்னார். தென்றலுக்கு வயது உண்டா என்று தலைவர் கேட்டார். செங்குட்டுவன் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முன்பு வெட்டுகிறோம் என்று அட்டையைத் திருப்பித் தர வந்தவனைத் தடுத்து நிறுத்தியது எவ்வளவு தொலைநோக்கு என்று தலைவர் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் எழுதிக்கொண்டேன்.

வரதன் வீட்டுக்குப் போய்ச் சொன்னதற்குப் பூவம்மா என்ன பதில் சொன்னாள் என்பதை அவனே ஒரு நாள் கடையில் உட்கார்ந்து சொன்னான். அவள் கத்தவில்லையாம். குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாளாம்.

"அந்தப் பேர நான் கடலாண்ட பொதச்சிட்டு வந்துகீறேன். அத்த தோண்டி எட்த்தாந்து இது தலைல வெக்க சொல்றியா? அந்தப் பேர சொல்லி கூப்ட்டா, எது வந்து அத்த இட்டுகினு போச்சோ அது மறுபடி வூட்டு வாசல்ல வந்து நிக்கும்."

வரதன் அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தையின் உதடு நீலம் பூத்தது. வரதன் ஆட்டோ கூப்பிட நெடுஞ்சாலைக்கு ஓடினான். சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கன்டெய்னர் நின்றது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் படுதா விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதாவது முந்தின நாளிலிருந்தே நகரவில்லை. அவன் திரும்பி வந்து படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தான். பூவம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சாலை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

புது டோக்கன் புத்தகங்களைக் கொடுக்க நான் அன்றைக்கு மருத்துவ நிலையத்தில் இருந்தேன். முப்பது பேர் பெஞ்சில் இருந்தார்கள். கிறிஸ்டினா வரதனையும் பூவம்மாவையும் பார்த்ததும் அடுக்கின் மேலேயே அந்த அட்டையை வைத்தார். அதற்கு மேல் அவரால் முடிந்தது ஒன்றுமில்லை. சுவரில் ரகுபதி அவர்களின் படத்துக்குப் பக்கத்தில் தாய்மார் சொல்ல வேண்டிய உறுதிமொழி மாட்டியிருந்தது. பதிவேட்டுக்குப் பின்னால் அறக்கட்டளை ஆள் உட்கார்ந்திருந்தான், டிக் போடுவதற்கு.

"தென்றல்," என்று கூப்பிட்டார் கிறிஸ்டினா.

பூவம்மா எழுந்திருக்கவில்லை. குழந்தையின் விலா உள்ளே போய் வந்தது எனக்கு எட்டடி தூரத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருப் பெண்கள்தான், தென்றலுக்கு அழுதவர்கள்.

"தென்றல்," என்று இரண்டாவது தடவை கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உரக்க, என்றான் அறக்கட்டளை ஆள். தகப்பன் சொல்லலாமா என்று வரதன் கேட்டான். தாய்தான் சொல்ல வேண்டும், அதுதான் புள்ளிவிவரத்துக்கு நம்பகம் என்றான் அவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த விதியை அச்சடித்துக் கொடுத்தவன் நான்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் கிறிஸ்டினா அட்டையிலிருந்து கண்ணை எடுத்துப் பூவம்மாவைப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

பூவம்மா எழுந்தாள். முந்தானையை எடுத்துக் குழந்தையின் இரண்டு காதையும் பொத்தினாள்.

"கீறா," என்றாள்.

முழுசாகச் சொல்ல வேண்டும் என்றான் அறக்கட்டளை ஆள்.

"எங்க தென்றல் நல்லா கீறா."

டிக் விழுந்தது. கிறிஸ்டினா பாய்ந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இருபது நிமிஷத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. வெளியே வந்ததும் பூவம்மா வாசல் பக்கம் குப்பையைத் தேடினாள். ஆய்வுக்குழு வரும் வாரம் என்பதால் ஒரு காகிதம்கூட இல்லாமல் பெருக்கி வைத்திருந்தார்கள். தெருக்கோடி வரை நடந்துபோய், அங்கே இருந்த மேட்டில் குழந்தையை ஒரு நிமிஷம் கிடத்தி, மறுபடி எடுத்துக்கொண்டு, அதன் காதில் குப்பம்மா, குப்பம்மா என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அந்தக் காலாண்டு அறிக்கையில் காற்றுப் பிரிவில், தென்றல், எண்ணிக்கை ஒன்று, நிலை நலம் என்று தட்டினேன். முந்தின அறிக்கைகள் எல்லாவற்றிலும் அதே வரிதான், அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம். ஏனோ அந்தத் தடவை எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.

இழுப்பு ஒரே நாளில் போகிற வியாதி இல்லை. வாரா வாரம் கேஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் பூவம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, கைப்பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு, செத்துப்போன மகள் நன்றாக இருக்கிறாள் என்று முப்பது பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, உயிரோடு இருக்கிற மகளை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறாள்.